ஒரே வாரம், இரண்டு தடவை

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணாமல் தேடியவர்களுக்கு நன்றி. மொத்தம் மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அதில் ஒருவர், "உங்கள் கட்டுரைக்குப் பதிலாக வந்திருந்த மசாலாப் பொடி விளம்பரம் நன்றாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் நன்றி.

ஏன் எழுதவில்லை? லீவு. ரிட்டயர் ஆனவளுக்கு யார் லீவு கொடுத்தது? காலண்டர் கொடுத்தது.

நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

விருதுநகரில் என் கணவருக்குப் பருப்பு, வத்தல் மொத்தக் கடை என்பது உங்களுக்குத் தெரியும். பத்து வாரத்துக்கு ஒரு தடவையாவது அவரை இந்தப் பக்கத்துக்குள் இழுத்துவிடுவேன். வருடா வருடம் கடைப் பெயர் போட்டு நூறு தினசரிக் காலண்டர் அடிப்பார். திருத்தங்கலில் ஒரு பிரஸ். அட்டையில் மேலே முருகன், கீழே கடைப் பெயர். முருகனைவிடக் கடைப் பெயர் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கும். ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் சுவரைத்தான் தேடும்... நம்ம காலண்டர் தொங்குதா?

அதில் தாள் கிழிப்பது என் வேலை. காலையில் ஒரு கையில் காபி, ஒரு கையில் தாள். அந்தத் திங்கள்கிழமையும் அப்படித்தான் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமையைக் கிழித்தேன். கீழே திங்கள்கிழமை இருந்தது. சரிதான். ஆனால் தேதி பதினாலு!

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். பதினாலுதான். ஆனி மாதம் முப்பதாம் நாள். அப்போதுதான் ஆடி பிறந்து நான்கு நாள் முடிந்திருந்தது. திரும்பவும் ஆனிக்குப் போய் நிற்கிறது எங்கள் வீடு. தாளைப் புரட்டினேன். பதினைந்து, பதினாறு என்று இருபது வரைக்கும் அதே வாரம், அதே ராசிபலனோடு இன்னொரு தடவை அச்சாகியிருந்தது. அதற்குப் பிறகுதான் இருபத்தொன்று.

கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைப் பெயர் போட்ட காலண்டர் ஆயிற்றே! உடனே பிரஸ்ஸுக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"அண்ணாச்சி, பதறாதீக. ஏழு ஏழு தாளா கத்தை கட்டி அடுக்குவோம்ல? அதுல ஒரு கத்தை ஒங்க காலண்டர்ல ரெண்டு தடவை விழுந்திருச்சு. அம்புட்டுதான்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான். ஆனா..." அந்தப் பக்கம் பிரஸ்காரர் கொஞ்சம் இழுத்தார். "ஒண்ணுல ரெண்டு விழுந்திருந்தா, அடுத்ததுல விழுந்திருக்காது. ஒங்க நூறு காலண்டர்ல ஏதோ ஒண்ணுல அந்த வாரமே இருக்காது அண்ணாச்சி. ஆளு தெரிஞ்சா சொல்லுங்க, மாத்தித் தாரோம்."

நூறு பேரில் யார் அந்த ஆள்? கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

எனக்கோ தலையில் வேறு ஒரு யோசனை. இந்தத் திங்கள் முதல் ஞாயிறு வரை காலண்டர்படி எனக்குப் போன வாரம். போன வாரத்து வேலைகளை எல்லாம் நான்தான் போன வாரமே முடித்துவிட்டேனே! கரண்ட் பில் கட்டியாயிற்று. காஸ் சொல்லியாயிற்று. சித்தப்பா மகள் வீட்டுக் காதுகுத்துக்குப் போய் மொய் எழுதியாயிற்று. பத்திரிகைக்குக் கட்டுரைகூட அனுப்பியாயிற்று. செய்வதற்கு ஒரு வேலை பாக்கியில்லாத வாரம் என் வாழ்க்கையில் இது ஒன்றுதான். இதை விட முடியுமா?

முப்பத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டியபோது நான் கண்ட கனவு இரண்டே இரண்டு. ஒன்று, படிப்பது. இரண்டு, காலாற நடப்பது. மூன்று வருடம் முன்பு புத்தகக் கண்காட்சியில் எண்ணூறு பக்கப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடினேன். அந்த டிக்கெட்டில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. நான் இன்னும் முப்பத்தோராம் பக்கத்திலேயே இருக்கிறேன்.

திங்கள்கிழமை காலை பத்து மணி. ஃபேனுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன, ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. படிக்கிறேன்."

"சும்மாதான் இருக்கியா? அப்ப இந்த மல்லிய செத்த மொட்டை மாடியில காயப் போட்டுர்றியா?"

இதுதான் நம் ஊர். டி.வி. பார்க்கிறவளை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். 'பாவம், அவ சீரியல் பாக்கா' என்று போய்விடுவார்கள். கையில் புத்தகம் இருந்தால் மட்டும் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மல்லி காய்ந்தது. அப்புறம் ஒருவருக்கு நூல் கோத்துக் கொடுத்தேன். ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் புத்தகத்தைத் திறந்தபோது முப்பத்திரண்டாம் பக்கம்.

சரி, ஊருக்கு வெளியே போய்விட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை விடியக் கருக்கலிலேயே கைப்பையில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு சிவகாசி ரோட்டில் ஆமத்தூர்ப் பக்கமாக நடக்க ஆரம்பித்தேன். நீங்கள் இந்தப் பக்கம் நடந்து பார்த்திருக்கிறீர்களா? நடக்க முடியாது. ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. மனுஷர்கள் விட மாட்டார்கள்.

முதல் பைக் இருநூறு அடியிலேயே நின்றது. "அக்கா, ஏறுங்க. எங்கன போகணும்?"

"எங்கேயும் இல்லைப்பா. சும்மா நடக்கிறேன்."

அந்தப் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வண்டியை ஸ்டாண்டு போட்டே நிறுத்திவிட்டான். "வீட்டுல எதுவும் சண்டையாக்கா?"

அடுத்து ஒரு லோடு ஆட்டோ, அதில் முழுக்கப் பட்டாசுப் பெட்டிக்கான அட்டைக் கட்டு. டிரைவர் தன் பக்கத்தில் இருந்த கட்டைத் தூக்கிப் பின்னால் போட்டு எனக்கு இடமே ஒதுக்கிவிட்டார். வேண்டாம் என்றதும் கோபம். "லோடு வண்டின்னு யோசிக்கீகளோ?" அவர் மனசு நோகக் கூடாதே என்று ஏறி, அரைக் கிலோமீட்டர் போய், "இங்கதான்" என்று இறங்கினேன். இறங்கிய இடத்தில் ஒரு கருவேலம் புதர் மட்டும் இருந்தது. அவர் புதரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நான்கு கிலோமீட்டர் நடைப்பயிற்சியில் நான் உண்மையாக நடந்தது ஒன்றரைதான் இருக்கும்.

வழியில் ஒரு பஸ் நிறுத்தம். சிமெண்ட் பெஞ்ச், மேலே தகரம். இந்த ரோட்டில் ஒரு மனுஷி உட்கார்ந்து படிக்க இருக்கிற ஒரே இடம் அதுதான். உட்கார்ந்தேன். ஆடிக் காற்று ஜோராக அடித்தது. நான் ஒரு பக்கம் படிப்பதற்குள் காற்று பதினைந்து பக்கம் புரட்டியது. இருந்தாலும் அருமையாகத்தான் இருந்தது... பஸ் வருகிற வரைக்கும்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் பஸ் நிற்கும்தானே? நின்றது. நான் கையை ஆட்டினேன். அடுத்த பஸ்ஸும் நின்றது. அதற்கும் கையை ஆட்டினேன். மூன்றாவதாக வந்தது, முதலில் போன பஸ். திரும்பி வந்திருக்கிறது. கண்டக்டர் படியிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் போறப்பவும் ஏறல. இந்தப் பக்கம் வர்றப்பவும் ஏறல. ஒங்களுக்கு எந்த ஊருக்குத்தாங்க போகணும்?"

"படிச்சிட்டு இருக்கேன்."

அவர் திரும்பி பஸ்ஸுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார். அத்தனை தலையும் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.

எனக்குப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம். ஃபேக்டரி வேனுக்காகக் காத்திருந்த ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் பாக்கியம். ரோட்டுக்கு உள்ளே தள்ளியிருக்கிற காலனியில் வீடு. ஆமத்தூர் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காலண்டர் கொடுத்த உபரி வாரத்தைப் பற்றிச் சொன்னதும் இன்னும் சிரித்தார். சிரித்து முடித்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததால் வந்த கண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஒரு வாரம் சும்மா இருக்கீகளாக்கா? குடுத்து வச்சவுக. எனக்கு ஒரு நாளு கெடச்சாப் போதும்."

பாக்கியத்தின் மகள் மாரீஸ்வரிக்கு வைகாசியில் கல்யாணம். திருப்பூரில் வாழ்க்கை. தலை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் வந்தாளாம். வர்ற ஞாயிறு திரும்பிவிடுவாள். பனியன் கம்பெனியில் ஒரு வாரம்தான் லீவு.

"நான் ஏழு மணிக்கு வேன் ஏறுனா இருட்டுன பொறவுதான்க்கா வர்றேன். அவ ஒத்தையில வீட்ட பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. வந்ததுல இருந்து அவ கையால நான் சாப்புடுறேன். நானில்ல அவளுக்கு ஆக்கிப் போடணும்? போர்மேன்ட்ட கேட்டா, வெள்ளிக்கிழமை லோடு, ஒருத்தருக்கும் லீவு கெடையாதுங்காரு. போன வாரத்துல இருந்தே மனுசன் ஒரு நெலையில இல்ல. திடீர்னு விரட்டுறாரு."

வேன் வந்தது. பாக்கியம் ஓடினார். எண்ணூறு பக்கப் புத்தகம் திடீரென்று கையில் கனத்தது. பாக்கியத்துக்கு ஒரு நாள் இல்லை, எனக்கு ஒரு வாரம் உபரி. என்ன நியாயம் இது? பாழாய்ப்போன மனசு அன்றைக்கு முப்பத்தைந்தாம் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

புதன்கிழமை நான் தயாராகப் போனேன். முதல் பைக் நின்றதும் சொன்னேன்: "வேண்டுதல்."

என்ன ஒரு மாயம்! அந்த ஆள் உடனே கையெடுத்துக் கும்பிட்டார். ஆடி மாதத்தில் இங்கே ரோட்டில் நடப்பவர்கள் எல்லாரும் அம்மன் கோயிலுக்கு நடப்பவர்கள்தான். சும்மா நடப்பது பைத்தியக்காரத்தனம், சாமிக்கு நடந்தால் புண்ணியம். ஒரு பெட்டிக்கடையில் மோர் கொடுத்தார்கள். ஓர் அம்மாள் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்து என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் பதினோரு ரூபாயையும் திணித்தார். "எம் பேரச் சொல்லி உண்டியல்ல போட்டுருங்க."

ஒரே ஒரு பெரியவர்தான் கண்ணைச் சுருக்கினார். "கோயிலு அந்தப் பக்கமில்ல இருக்கு? நீங்க இந்தப் பக்கம் போறீக?"

"போயிட்டுத் திரும்பி வந்துட்டிருக்கேன்."

"ஆத்தாடி! அப்ப காலு வலிக்கும். வாங்க, நான் கொண்டு விடுறேன்."

ஒருவழியாக அவரிடமிருந்து தப்பிப் பஸ் நிறுத்தத்தை அடைந்தேன். பாக்கியம் வேனில் ஏறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் விரித்துக் காட்டினார். லீவு கிடைக்கவில்லை என்று புரிந்தது.

திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து நின்றது.

"மதினி! நீங்களா நடந்து போறீக? அண்ணாச்சிக்குக் கடையில எதுவும் கஷ்டமா?"

சங்கரலிங்கம். என் கணவருக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. பாக்கியம் வேலை செய்யும் அதே கம்பெனியில் போர்மேன். பாக்கியம் திட்டிய ஆள் இவர்தான் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. இவரிடம் வேண்டுதல் எல்லாம் எடுபடாது. ஏறிக்கொண்டேன். விருதுநகரில் லாரி ஆபீசுக்குப் போகிறாராம், வெள்ளிக்கிழமை லோடுக்கு வண்டி சொல்ல. முதலாளி ஆர்டர் எடுக்க வடக்கே போயிருப்பதால் எல்லாம் இவர் தலையில்தான். பாக்கியத்துக்கு ஒரு நாள் லீவு கேட்கலாம் என்று வாயெடுத்தேன். நேராகக் கேட்டால் முறைப்பாரே என்று பேச்சை எங்கேயோ தொடங்கினேன்.

"நாளைக்கு அமாவாசை. பூசணிக்காய் வாங்கணும். மார்க்கெட்ல இறக்கி விடுங்க."

வண்டி ஆடியது. அவர் சிரித்தார். "என்ன மதினி, நாளைக்கா? ஆடி அமாவாசை போன வியாழக்கிழமையே முடிஞ்சிருச்சு."

"போன வியாழனா?"

"ஆமா. எள்ளும் தண்ணியும் எறைக்கக் கொளத்துக்குப் போனேன். நான் ஒருத்தன்தான் நிக்கேன். ஒரு சனம் இல்ல. ஐயரையும் காணோம். நானே எனக்குத் தெரிஞ்சதச் சொல்லி எறைச்சிட்டு வந்தேன். காலம் அப்படிக் கெட்டுக் கெடக்கு மதினி. செத்த அப்பன் ஆத்தாள ஒருத்தனும் நெனைக்கலையே?"

"நிலா இருந்துச்சான்னு பார்த்தீங்களா?"

"சாயங்காலம் பாத்தேனே. வானம் இருட்டாத்தான் கெடந்துச்சு. அதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

எனக்குப் பொறி தட்டியது. தேய்பிறையில் நிலா நடுராத்திரிக்கு மேல்தான் வரும். அந்த மனுஷன் எட்டு மணிக்கே தூங்குகிற ஆள்!

"ஒங்க கம்பெனி கேட் ஆபீஸ்ல தொங்குறது எங்க கடைக் காலண்டர்தானே?"

"பின்ன? அண்ணாச்சி கையால குடுத்தது. தெனமும் நான்தான் கிழிக்கேன்."

ஆக, இவர்தான் அந்த நூறில் ஒருவர். ஆனி இருபத்தொன்பதைக் கிழித்ததும் இவருக்கு நேராக ஆடி ஐந்து வந்திருக்கிறது. கிழமை மாறவில்லை, அதனால் சந்தேகமும் வரவில்லை. பட்டாசுக் கம்பெனியில் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் அத்தனை பேருக்கும் அந்தச் சுவர்தான் தேதி சொல்ல வேண்டும். போர்மேனின் போனோ பொத்தான் போன். பேட்டரி கழன்று கழன்று விழுந்து அதில் எப்போதும் ஜனவரி ஒன்றுதான்.

அப்படியானால் லோடு? கேட்டுப் பார்த்தேன். "ஒண்ணாம் தேதி வெள்ளிக்கிழமை" என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது அடுத்த வாரத்து வெள்ளி. ஒரு வாரம் காணாமல் போனது தெரியாமல், வேலை பிந்திவிட்டது என்று பயந்து இவர் எல்லாரையும் விரட்டிக்கொண்டிருக்கிறார். வெடிமருந்து புழங்குகிற இடத்தில்! சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

"வண்டியை நேரா வீட்டுக்கு விடுங்க."

வீட்டில் கணவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். போர்மேன் ஒரு வார்த்தையை நம்பவில்லை. கணவர் செல்போனைக் காட்டினார்: இருபத்து மூன்று.

"செல்லுல தேதிய யாரு வேணும்னாலும் மாத்தலாம் அண்ணாச்சி. எங்க காலண்டர்ல இன்னைக்கு முப்பது. அது அச்சு! அச்சுல வந்தது பொய் சொல்லுமா?"

சிவகாசிப் பக்கத்து ஆளிடம் அச்சைக் குறை சொல்லி ஜெயிக்க முடியுமா? அன்றைய பேப்பரை எடுத்து நீட்டினேன். அதுவும் அச்சுதானே?

"அது பேப்பர் மதினி. பேப்பர்ல என்னைக்கு உண்மை வந்திருக்கு?"

பதினாறு வருஷமாகப் பத்திரிகையில் எழுதுகிறவளிடம் சொல்கிற வார்த்தையா இது? விழுங்கிக்கொண்டேன். அதற்குள் அவர் கண் எங்கள் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டது. அங்கே என் உபரி வாரம் கம்பீரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறு, புதன்கிழமை.

"இந்தா பாருங்க! இங்க பதினாறுன்னு போட்டிருக்கு. செல்லுல இருவத்தி மூணுங்கீக. ஒரே வீட்டுக்குள்ளயே ரெண்டு தேதி வச்சுக்கிட்டு என்னயக் கொழப்புறீக!"

கணவர் எழுந்தார். கையைக் கழுவினார். பருப்புச் சாக்கில் எழுதுகிற மை பேனாவை எடுத்து அந்தப் பேப்பரின் ஓரத்திலேயே எழுதினார்.

"ஏலே சங்கரலிங்கம், இங்கன பாரு. எங்க காலண்டரு பதினாறு. ஒங்க காலண்டரு முப்பது. ரெண்டும் நம்ம கடைதான், ரெண்டும் அச்சுதான். ரெண்டையும் கூட்டு. நாப்பத்தாறா? ரெண்டால வகு. எம்புட்டு?"

போர்மேன் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். விரல் விட்டும் பார்த்தார்.

"இருவத்தி மூணு அண்ணாச்சி..."

"அப்ப இன்னைக்கு என்ன தேதி?"

"இருவத்தி மூணு!"

செல்போனை நம்பாத ஆள், பத்திரிகையை நம்பாத ஆள், கூட்டி வகுத்ததும் நம்பிவிட்டார்! இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் ஆதாரம், அத்தாட்சி, நகல் என்று ஜனங்களை அலைய விட்டிருக்கிறேன். ஒருவரையும் உட்கார வைத்து இப்படி ஒரு கணக்குப் போட்டுக் காட்டத் தோன்றவில்லையே.

தேதி புரிந்ததும் மனுஷன் அப்படியே வீட்டு மூலையில் கிடந்த பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். லோடுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முகம் வெளுத்துப் போயிற்று.

"பத்து நாளா எல்லாத்தையும் விரட்டிட்டேனே மதினி... கேட்டுல 'அவசரம் வேண்டாம்'னு போர்டு எழுதுனவனே நான்தான். அந்தப் போர்டுக்குக் கீழதான் இந்தக் காலண்டரு தொங்குது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

கணவர் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். அவர் குடித்து முடித்ததும் நான்தான் மெதுவாகப் பாக்கியத்தின் பெயரைச் சொன்னேன்.

"பாக்கியத்துக்கு மட்டுமா? வேலை முக்காவாசி முடிஞ்சு கெடக்கு மதினி. நாளைக்கு அமாவாசை. நாளையில இருந்து சனிக்கெழமை வரைக்கும் எல்லாத்துக்கும் லீவு. நானும் ஒருக்கா கொளத்துக்குப் போகணும்ல?"

"போன வாரம்தானே எறைச்ச?" என்றார் என் கணவர்.

"இருக்கட்டுமே அண்ணாச்சி. இந்த வருசம் எங்கப்பனுக்கு ரெண்டு தடவை."

கணவருக்கு இப்போது ஒரே கவலைதான். கம்பெனிச் சுவரில் கடைப் பெயரோடு தப்பான காலண்டர் தொங்கக் கூடாது. எங்கள் வீட்டுக் காலண்டரைக் கழற்றினார். நான் "ஐயோ" என்பதற்குள் பதினாறிலிருந்து இருபது வரைக்கும் ஒரே பிடியாகப் பிடித்து, டர்ர்ர்... அப்புறம் இருபத்தொன்று, இருபத்திரண்டு. மேலே இருபத்து மூன்று வந்து நின்றது. காலண்டர் சரியாகிவிட்டது. என் லீவில் மிச்சம் இருந்த ஐந்து நாளும் தரையில் கிடந்தன. பொறுக்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அடையாளத்துக்காவது ஆகட்டும்.

வியாழக்கிழமை பூசணிக்காய், படையல், உறவுக்காரர்கள். லீவு போனால் போனதுதான்.

வெள்ளிக்கிழமை காலை மட்டும் மனசு கேட்காமல் நடக்கக் கிளம்பினேன். தூரத்தில் ரோட்டோரமாக எதிரே இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியமும், அவரைவிட அரை அடி உயரமான ஒரு பெண்ணும். இரண்டு பேர் தலையிலும் ஒரே பந்தில் வெட்டின மல்லிகை. பொட்டலத்தில் வறுத்த கடலை. மகள் என்னமோ சொல்ல, அம்மா ரோடு என்றும் பார்க்காமல் குனிந்து நின்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

"எங்க, ரெண்டு பேரும் இவ்வளவு காலையிலேயே?"

"எங்கயும் இல்லக்கா. சும்மா நடக்கோம்."

"சும்மாவா? இவ்வளவு தூரமா? இருங்க, இப்ப பஸ் வந்துரும்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேட்டது யார் பாருங்கள்! இரண்டு நாள் இதே கேள்வியில் சிக்கிச் செத்தவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மாரீஸ்வரி கிளம்பினாள். அதே பஸ் நிறுத்தம். வழியனுப்ப நானும் போயிருந்தேன். முறுக்கு, அதிரசம், அரைத்த மிளகாய்ப் பொடி என்று மூன்று பை. மூன்று நாளும் பாக்கியம் வீட்டில் அடுப்பு அணையவே இல்லையாம். நடந்ததும், பேசியதும், ஆக்கிப் போட்டதும் போகத் தூங்கினதே இல்லையாம். பஸ் வந்தது. அதே கண்டக்டர். என்னைப் பார்த்ததும் முகத்தைக் கோணினார். "நீங்க ஏற மாட்டீக, தெரியும்" என்று அவரே சொல்லிக்கொண்டு, பைகளை மட்டும் பத்திரமாக வாங்கி உள்ளே வைத்தார்.

பஸ் போய்விட்டது. தூசி அடங்கும்வரை பாக்கியம் அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு ஏழு மணிக்கு வேன். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா... ஒங்க கடைக் காலண்டருல வேற எங்கயாச்சும் ஒரு வாரம் ரெண்டு தடவை விழுந்திருக்கான்னு பாருங்களேன்."

எங்கள் காலண்டர் போர்மேனிடம் போய்விட்டது. அவருடையதைக் கணவர் எங்கள் வீட்டில் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். முப்பதாம் தேதி வரும்வரை அதில் எனக்குக் கிழிக்க வேலையில்லை. அதனால் தினமும் காபியோடு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி பார்த்தாயிற்று, மார்கழி வரைக்கும் வந்துவிட்டேன்.

பாவிகள்... எல்லா வாரத்தையும் ஒரே ஒரு தடவைதான் அடித்திருக்கிறார்கள்.